இலை யாருக்காகப் போடுறோம்?



கிருத்திகை அன்னைக்குச் சாமிக்குப் படையல் போடும்போது நம்ம வீடுகள்ல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தரையைத் துடைச்சு, சின்னதா ஒரு கோலம் போட்டு, நுனி இலையைக் கழுவி விரிப்போம். சர்க்கரைப் பொங்கலும் வடையும் பழமும் அதது இடத்துல உட்காரும். தீபாராதனை முடியுற வரைக்கும் யாரும் கை வைக்க மாட்டோம். அதே பொங்கலை அரை மணி நேரம் கழிச்சு ஒரு எவர்சில்வர் தட்டுல அள்ளிப் போட்டு, சோபாவுல சாய்ஞ்சு, இன்னொரு கையில ரீல்ஸ் தள்ளிக்கிட்டே முடிச்சிடுவோம். பொங்கல்ல முந்திரி இருந்துச்சான்னு கேட்டா பதில் தெரியாது.

சாமி சாப்பிடுறது நம்ம கண்ணுக்குத் தெரியிறதில்லை. ஆனாலும் அவருக்கு அவ்வளவு அழகா வைக்கிறோம். கண்ணுக்குத் தெரியிற மாதிரி சாப்பிடப்போற மனுஷங்களுக்கு ஏன் அப்படி வைக்கிறதில்லை?

சாப்பாட்டை அழகா எடுத்து வச்சா நிதானமா, கவனமா சாப்பிடுவோம்னு இப்ப நிறைய பேர் சொல்றாங்க. மேஜை விரிப்பு, பூ ஜாடி, மெழுகுவர்த்தின்னு வீடியோ வருது. நல்ல விஷயம்தான். ஆனா இலை போட்டுச் சாப்பிடுற நமக்கு இது புதுசு இல்லை. இலையோட நுனி, சாப்பிடுறவரோட இடது கைப் பக்கம் வரணும். அகலமான பக்கம் வலது கைக்கு. ஏன்னா பிசையுற கைக்கு இடம் வேணும். உப்பும் ஊறுகாயும் இடது ஓரத்துல கொஞ்சூண்டு. மேல் பாதியில பொரியல், கூட்டு, பச்சடி. கீழே சோறு. முதல்ல பருப்பும் நெய்யும், அப்புறம் சாம்பார், ரசம், கடைசியா மோர். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனா எல்லா ஊர்லயும் ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசையே நம்மளை மெதுவாக்கும். சாம்பார் சோறு முடியாம ரசத்துக்குப் போக முடியாது. ரசம் இலையை விட்டு ஓடாம அணை கட்டணும், அதுக்கு இலையைப் பார்த்தே ஆகணும்! ரசத்தை இலையில ஊத்திக்கிட்டு போனைப் பார்த்தவங்க கதி என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருக்குறள்ல 'மருந்து'ன்னு ஒரு அதிகாரம் இருக்கு. அதுல இருக்கிற பத்துக் குறள்ல பாதிக்கு மேல மாத்திரை, கஷாயம் பத்தி இல்லை, சாப்பாட்டைப் பத்தித்தான். முன்னே சாப்பிட்டது செரிச்சுதான்னு பார்த்துச் சாப்பிடு, நல்லாப் பசிச்சுச் சாப்பிடு, அளவு தெரிஞ்சு சாப்பிடுங்கிறார். பசி இருக்கா இல்லையான்னு கவனிக்கிறதையே ஒரு வைத்தியமா வச்சிருக்கார். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தவங்களுக்கு இது விளங்கும். திருக்கல்யாணம் முடிஞ்சு வாய்க்குள்ள போற முதல் பிடி சோறு இனிக்கும். அது எப்பவும் சாப்பிடுற அதே அரிசிதான். நாக்குதான் அன்னைக்கு முழிச்சிட்டு இருக்கு.

இங்க ஒரு எதிர்க்கேள்வி வரும், அது நியாயமானதும்கூட. பசியோட இருக்கிறவனுக்கு அலங்காரம் எதுக்கு? சென்னை கந்தகோட்டத்து முருகனைப் பாடின வள்ளலார், 1867-ல வடலூர்ல சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கும் அணையலை. அவர் கவலை பூ ஜாடி இல்லை, பசிச்ச வயிறு. இதை நினைக்கும்போது, மேஜையை அலங்கரிக்கிறதைப் பத்தி எழுதவே எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. ஆனா பழனி அன்னதானக் கூடத்தையும் நினைச்சுப் பார்க்கிறேன். 2012-லேர்ந்து அங்க நாள் முழுக்க அன்னதானம் நடக்குது. கார்ல வந்தவரும் காவடி தூக்கி நடந்தே வந்தவரும் ஒரே வரிசையில உட்கார்றாங்க. ஒரே சாப்பாடு. அலங்காரம்னு தனியா ஒண்ணுமே கிடையாது. ஆனா ‘இந்த இடம் உங்களுக்குத்தான், உட்காருங்க’ன்னு ஒரு வரவேற்பு அந்தப் பந்தியில இருக்கு. பசிச்சவனுக்குச் சோறு மட்டும் இல்லை, உட்கார்ந்து சாப்பிட ஒரு இடமும் சேர்த்துத்தான் கொடுக்கணும். இடம் ஒதுக்கி உட்கார வைக்கிறதைத்தான் நான் அழகுன்னு சொல்றேன்.

இப்ப எனக்கு உறுத்துற விஷயத்துக்கு வர்றேன்.

வள்ளுவர் - வாசுகி கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். வள்ளுவர் சாப்பிட உட்காரும்போது இலை பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணியும் ஒரு ஊசியும் வைக்கச் சொல்வாராம். கீழே சிந்துற பருக்கையை ஊசியால எடுத்து, தண்ணியில கழுவிச் சாப்பிடணும்னு. ஆனா வாசுகி பரிமாறும்போது ஒரு பருக்கைகூட சிந்தலை. ஆயுசு முழுக்க அந்த ஊசிக்கு வேலையே வரலை. எதுக்கு இதுன்னு அந்த அம்மா கேட்டதே கடைசி மூச்சு நேரத்துலதான். இது வரலாறு இல்லை, செவிவழிக் கதை. சின்ன வயசுலேர்ந்து இதை வாசுகியோட பெருமையாத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

எனக்கு இந்தக் கதையில வேற ஒண்ணு தெரியுது. அந்தச் சாப்பாட்டு நேரத்துல முழுக் கவனமும் யார்கிட்ட இருந்துச்சு? பரிமாறினவங்ககிட்ட. அந்த அம்மா எப்போ சாப்பிட்டாங்க, பக்கத்துல யார் உட்கார்ந்தாங்கன்னு கதை சொல்லவே இல்லை. நம்ம வீட்டுக் கதையும் பெரும்பாலும் இதேதான். இலை போடுறது அம்மா, பரிமாறுறது அம்மா, ‘இன்னும் கொஞ்சம் போடவா’ன்னு நிக்கிறது அம்மா. நாம நிதானமா ரசிச்சுச் சாப்பிட்டு எழுந்த அப்புறம், அடுப்படியில நின்னுக்கிட்டே, மீந்த பொரியலைக் குழம்புச் சட்டியிலயே போட்டுப் பிசைஞ்சு சாப்பிடுறதும் அம்மாதான். அவங்களுக்கு நுனி இலை கிடையாது, பல நாள் தட்டுகூடக் கிடையாது. ஒருத்தர் கவனமா சாப்பிடுறதுக்காக இன்னொருத்தர் அவசரமா சாப்பிட வேண்டியிருந்தா, அதை எப்படி நல்ல பழக்கம்னு சொல்றது? நாலு பேருக்கு அழகா இலை போட்டு அஞ்சாவது ஆளை நிக்க வைக்கிற பந்தி எனக்கு ஒப்பலை, எவ்வளவு லட்சணமா இருந்தாலும் சரி. (பழம் பங்கு சரியில்லைன்னு கோவிச்சுக்கிட்டு மலை ஏறின சாமியைக் கும்பிடுறவங்க நாம. பங்கு கணக்கு நமக்கு விளங்காம இருக்கக் கூடாது!)

வள்ளி கதையைப் பாருங்க. தினைப்புனத்துக்குக் கிழவன் வேஷத்துல வந்த முருகன் பசிக்குதுன்னு கேட்கிறார். அவ தினைமாவும் தேனும் கொடுக்கிறா. விரிப்பு கிடையாது, விளக்கு கிடையாது. தாகமா இருக்குன்னதும் சுனைக்குக் கூட்டிட்டுப் போறா. வந்தது சாமின்னு அவளுக்குத் தெரியாது. யாரோ ஒரு தாத்தா, அவ்வளவுதான். இருந்தும் அவருக்கு என்ன வேணும்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சா.

ரூம்ல தனியா இருக்கிற தம்பி தங்கச்சிங்க, ‘எங்களுக்கு இதெல்லாம் எங்க அண்ணா, டப்பாவுல பார்சல் வருது, அப்படியே சாப்பிடுறோம்’னு சொல்வீங்க. சரி, அந்தப் பார்சலைப் பிரிச்சுத் தட்டுல போடுங்க. டம்ளரைக் கழுவித் தண்ணி வைங்க. போனை வேற ரூம்லயோ பைக்குள்ளயோ போட்டுட்டு, முருகான்னு ஒரு தடவை சொல்லிட்டுச் சாப்பிடுங்க. ரூம்மேட் இருந்தா அவனுக்கும் ஒரு தட்டு. படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடணும்னா போட்டுக்குங்க, நான் வேணாம்னு சொல்லலை. ஆனா சோறு ஆறுறதுக்குள்ள.

எங்க வீட்டுல போன ரெண்டு மூணு கிருத்திகையா, சாமிக்குப் படைச்ச அப்புறம் எல்லாருக்கும் ஒரே நேரத்துல இலை போடுறோம். ‘நான் உட்கார்ந்தா யாருடா பரிமாறுறது?’ன்னு அம்மா கேட்டாங்க. பாத்திரத்தை எல்லாம் நடுவுல வச்சிட்டோம். வேணுங்கிறதை அவங்கவங்க எடுத்துக்கிறது, பக்கத்து இலைக்கும் பார்த்துப் போடுறது. அப்பாவுக்குக் கரண்டி பிடிக்கவே வரலை, ரசத்தைப் பாதி பாய்க்குத்தான் பரிமாறினார். அம்மா நாலு வாய்க்கு ஒரு தடவை எழுந்திருக்கப் பார்த்தாங்க. தங்கச்சி கையைப் பிடிச்சு உட்கார வச்சா. விரத நாள்ல ருசி பார்க்காமத்தான் சமைப்பாங்க, உங்களுக்கே தெரியும். அம்மா சூடா ஒரு வாய் சாம்பார் சோறு சாப்பிட்டுட்டு, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் எங்களைப் பார்த்துக் கேட்டாங்க: ‘ஏண்டா, உப்பு கம்மியா இருக்கே. ஒவ்வொரு கிருத்திகைக்கும் இப்படித்தான் இருக்குமா? ஒருத்தரும் சொல்லலையே?’

முருகா சரணம்.