வேகத்துக்கு முன் பிரேக்கு



1932-ம் ஆண்டின் போர்டு மோட்டாரைப் பிரித்துப் புதுப்பித்து, பழைய கோலம் மாறாமலே அதிவேக வண்டியாக்குவது அமெரிக்காவில் பலருக்கு இன்றும் பிரியமான வேலை. ‘ஹாட் ராட்’ என்பார்கள். முன்னாளில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலே வாலிபர் இத்தகைய வண்டிகளைப் பந்தயம் விட்டார்கள். குற்றமில்லை, கைவேலையில் காட்டும் பொறுமையும் ஒரு புண்ணியமே.

ஆனால் கவனியுங்கள். அந்த எட்டுச் சிலிண்டர் இயந்திரத்துக்கு அன்று 65 குதிரைச் சக்திதான். பிரேக்கோ இரும்புக் கம்பியால் இழுபடுவது; எண்ணெய் அழுத்தப் பிரேக்கு போர்டு வண்டிக்கு 1939-ம் ஆண்டு மாடலில்தான் வந்தது. அதே வண்டியில் 300 குதிரைச் சக்தியை ஏற்றுகிறவன் பழைய பிரேக்கை அப்படியே விடலாமா? வேகம் இரு மடங்கானால், பிரேக்கு பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

ஆகையால் விவேகமுள்ளவன் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கு வைக்கிறான். முன்னுக்கும் பின்னுக்கும் எண்ணெய் வழியைத் தனித்தனியாகப் பிரிக்கிறான். ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். அடிச்சட்டத்தைப் பலப்படுத்தி, இருக்கை வாரும் பூட்டுகிறான். வர்ணத்தைப் புகழுகிற கூட்டம் இவற்றைக் குனிந்து பார்ப்பதில்லை. சர்வேசுரன் பார்க்கிறார். ஐந்தாம் கற்பனை கத்தி எடுத்தவனுக்கு மாத்திரமா? பளபளப்புக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, பிரேக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவனுக்கும் உண்டு. அவன் பக்கத்திலே அவனுடைய பிள்ளையல்லவா உட்கார்ந்திருக்கிறது!