சிற்றிலும் பெரியோர் கையும்: குழந்தையின் அழகுணர்வு குறித்த அறவியல் நோக்கு

குழந்தையிடம் அழகுணர்வும் படைப்பாற்றலும் எவ்வாறு வளர்கின்றன என்னும் வினா உளவியலார்க்கும் கல்வியியலார்க்கும் மட்டும் உரியதன்று. குழந்தையின் படைப்பில் பெரியோர் எந்த அளவு தலையிடலாம் என்னும் அறவியல் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

கண்ணாலும் செவியாலும் உறுதிபட உணர வல்லார்க்கே மெய்ப்பாட்டின் பொருள் புலனாகும் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் கருத்து. சுவைத்தல் புலனுணர்விலிருந்தே தொடங்குகிறது என்பது இதனாற் பெறப்படும். காணவும் கேட்கவும் வாய்ப்பளிக்காமல், ‘இஃது அழகு’ என்று கற்பித்தல் பிறர் தீர்ப்பை மனப்பாடம் செய்விப்பதாகவே முடியும்.

இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டவர் தாகூர். 1901இல் சாந்திநிகேதனில் அவர் தொடங்கிய பள்ளியில் மரநிழலே வகுப்பறையாயிற்று. பருவங்களை வரவேற்கும் விழாக்களில் பாட்டும் ஆடலும் தரைக்கோலமும் இணைந்தன. அங்குள்ள கலாபவனத்தில் பயின்ற தேவி பிரசாத், பின்னர்ச் சேவாகிராமத்தின் ஆதாரக் கல்விப் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். கலை, பாடங்களுள் ஒன்றன்று. கல்விக்கே அடிப்படை என்பது அவர் கொள்கை.

இங்கு ஒரு தடை எழலாம். குழந்தையைத் தன் போக்கில் விட்டுவிட்டால் கலைத்திறன் கைகூடுமா? சரளி வரிசையும் அலங்காரமும் பயிலாதவர்க்கு நிரவலும் கற்பனைச் சுரமும் வாய்ப்பதில்லை. புள்ளியிடப் பழகாத கை கோலத்தை வளைத்து முடிப்பதில்லை. இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயின், கைக்குப் பயிற்சி தருவது வேறு. கையிலுள்ள படைப்பைப் பறித்துக்கொள்வது வேறு. முன்னது ஆற்றலை வளர்க்கிறது. பின்னது குழந்தையின் படைப்பைப் பெரியோருடையதாக்கிவிடுகிறது.

இவ்வேறுபாட்டை உணரப் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவம் துணைபுரிகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுமியர், தாம் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா எனப் பாட்டுடைத் தலைவனை வேண்டுகின்றனர். மணலால் ஆயதெனினும் அவர்களுக்கு அது வீடே. அதன் மதிப்பு உறுதியில் இல்லை, கட்டிய உள்ளத்தில் உள்ளது. தலைவனின் குறும்பு விளையாட்டாகச் சுவைக்கப்படுகிறது. போட்டிப் பரிசுக்காக மாணவரின் ஓவியத்தை ஆசிரியர் தாமே திருத்தி முடிப்பதும் சிற்றில் சிதைத்தலே. ஆனால் இது விளையாட்டன்று. தன் கண்ணை நம்பாதே என்னும் பாடத்தையே அக்குழந்தை கற்றுக்கொள்கிறது.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு (2005), பத்தாம் வகுப்புவரை கலைக்கல்வியைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. இடம் தருதல் இன்றியமையாததே. எனினும் அதுமட்டும் போதாது. மதிப்பெண்ணுக்கும் காட்சிக்கும் குழந்தையைக் கருவியாக்கினால், கலைவகுப்பும் மற்றொரு தேர்வுக்கூடமாகிவிடும். புலன்களுக்கு நிறைந்த உலகையும் கைக்குத் தக்க பயிற்சியையும் அளித்துப் படைப்பைக் குழந்தைக்கே விட்டுவைத்தல் பெரியோர் கடனாகும். குழந்தை கட்டிய சிற்றிலைக் குழந்தையே கலைத்து மீண்டும் கட்டும் உரிமையில்தான் படைப்பாற்றல் வேர்கொள்கிறது எனலாம்.