பணிவிடைக்குச் சான்று அளிப்பவர் யார்?



கருணையைப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்க இயலுமோ என்று நம்முள் சிலர் வினவுகின்றனர். முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் அருகிருந்து பராமரிப்போர்க்குப் பயிற்சி வேண்டும், தேர்வு வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்னும் பேச்சு எழும்போதெல்லாம் இவ்வினாவும் உடன் எழுகின்றது. பெற்ற தாய்க்குப் பிள்ளை செய்யும் பணிக்குச் சான்றிதழ் எதற்கு? மனம் இருந்தால் போதாதோ? கேட்பதற்கு இஃது இனிய சொல்லே. ஆயினும் மனம் மட்டும் இருந்தவிடத்து நேர்வது யாதெனச் சற்றே காண்போம்.

பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்த தந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் அவர்மீது உயிரையே வைத்திருக்கிறாள். உறக்கம் கலைந்துவிடுமே என்று இரவு முழுதும் அவரைப் புரட்டாது விடுகிறாள். இடுப்பின் பின்புறமும் குதிகாலும் ஒரே இடத்தில் அழுந்திக் குருதியோட்டம் தடைப்பட்டுத் தோல் சிவக்கின்றது. அச்சிவப்பைக் கண்டு விலக்குவார் இல்லையேல், புண்ணாகி எலும்பளவும் இறங்குகின்றது. எழுப்பினால் நோகுமே என்று படுத்தவாறே கஞ்சி ஊட்டுகிறாள். விழுங்கும் வலுவற்ற தொண்டையினின்று கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் காய்ச்சலை உண்டாக்குகின்றது. அவள் செய்தவை யாவும் அன்பினாற் செய்தவையே. அவ்வன்பே அவரைக் கொல்லுகின்றது.

பயிற்சி பெற்றவர் அறிவது யாது? படுக்கையில் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றவேண்டும். ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, உண்ட பின்னரும் அரைமணி நேரம் அவ்வாறே இருத்தவேண்டும். சட்டை அணிவிக்கையில் செயலிழந்த கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றுகையில் நல்ல கையை முதலில் விடுவிக்கவேண்டும். தூக்குபவர் தம் முதுகை வளைக்காது முழங்காலை மடக்கவேண்டும். இல்லையேல் ஒரு நோயாளிக்கு இருவர் நோயாளிகள் ஆவர். எல்லாவற்றிற்கும் முன்னதாக, தொடுவதற்கு முன் தொடப்போவதைச் சொல்லி இசைவு பெறவேண்டும். ஏனெனில் அவ்வுடல் அவருடையது. இவை சிறு செய்திகளே; ஆயினும் அன்பு தானாகவே இவற்றைக் கண்டுபிடிப்பதில்லை.

பகவன் இதனை நன்கறிந்திருந்தார். விநயத்தின் மகாவக்கத்தில் வரும் வரலாறு நம் விகாரங்களில் பலமுறை சொல்லப்பட்டதே. வயிற்றுப்போக்கால் நலிந்து தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவனும் ஆனந்தரும் காண்கின்றனர். உம்மைக் கவனிப்பார் இல்லையோ என வினவ, நான் பிக்குகளுக்கு ஒரு பயனும் செய்ததில்லை, ஆகையால் எவரும் கவனிப்பதில்லை என்கிறார் அவர். பகவன் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவுகின்றார். பின்னர்த் தலைப்புறம் ஒருவரும் கால்புறம் ஒருவருமாகத் தாங்கிக் கட்டிலில் கிடத்துகின்றனர். அங்ஙனம் தூக்க இருவர் வேண்டும் என்பதை நம் வீடுகளில் எத்தனைபேர் கருதுகின்றனர்? தனித்து நின்று தூக்கி இருவரும் விழுவதே வழக்கமாக உள்ளது.

அந்நிகழ்ச்சியை ஒட்டியே நல்ல பணிவிடையாளனின் இயல்புகள் ஐந்து கூறப்பட்டன. மருந்தை ஆக்கிக் கொடுக்க வல்லவனாதல் முதலாவது. நோய்க்கு ஒத்தது இது, ஒவ்வாதது இது என அறிந்து, ஒத்ததைக் கொணர்ந்து ஒவ்வாததை விலக்குதல் இரண்டாவது. ஆதாயம் கருதாது நேயத்தோடு செய்தல் மூன்றாவது. மலத்தையும் சிறுநீரையும் கோழையையும் வாந்தியையும் அருவருப்பின்றி அகற்றுதல் நான்காவது. அவ்வப்போது அறவுரையால் நோயுற்றவரின் உள்ளத்தை எழுப்புதல் ஐந்தாவது. வரிசையை நோக்குங்கள். நேயம் மூன்றாம் இடத்தில்தான் நிற்கின்றது. அறிவு இரண்டும் அதற்கு முன் நிற்கின்றன. கருணையே உருவான ஒருவர் வகுத்த வரிசை இது.

இனி, இவ்வைந்தனுள் தேர்வாளர் அளந்து பார்க்கக்கூடியவை எத்தனை? முதல் இரண்டையும் அளக்கலாம். மற்ற மூன்றை எந்தத் தாளில் எழுதச் சொல்வது? யான் ஆலையில் நூல் முறுக்கும் பகுதியில் உழைத்தவன். புதிதாக வருபவரை மேஸ்திரி கேள்வி கேட்டதில்லை. ஓடும் ரிங் பிரேமின் முன் நிறுத்தி, அறுந்த நூலை இணைக்கச் சொல்லி விரல்களையே நோக்குவார். தொழிற்பள்ளித் தாளோடு வந்தவரும் உண்டு, தாளின்றி வந்தவரும் உண்டு. நூல் இருவரையும் ஒரேவிதமாகவே சோதித்தது. நூலுக்கு நோவில்லை என்பது மட்டுமே வேற்றுமை.

நம் நாட்டில் இதற்கான ஏற்பாடுகள் சில உள்ளன. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழு, மாற்றுத்திறனாளிகளுக்குப் பணிபுரியும் தொழில்வல்லுநர்க்கான பாடங்களை வரையறுத்துப் பதிவேடு வைத்துள்ளது. தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் பயிற்சி நடத்துகின்றது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் வீட்டுப் பராமரிப்பு உதவியாளர், பொதுப்பணி உதவியாளர் என்னும் வேலைகளுக்கும் பயிற்சி தரப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அறுபது கடந்தோர் பத்துக் கோடிக்கு மேல், மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம். இப்பெருந்தொகைக்கு முன் இவ்வேற்பாடுகள் கடலில் துளியே. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கும் எவரையும், பெற்றோர் உட்பட, பராமரிப்பாளர் என்றே குறிக்கின்றது. நன்று. ஆனால் பெயர் சூட்டுவது எளிது.

இங்கே யான் அஞ்சுவது ஒன்றுண்டு. இப்பணியை இத்தனை காலமும் செய்துவருவோர் யாவர்? ஆயாக்கள், வார்டு பாய்கள், பிறர் வீட்டு முதியோர்க்கு இரவு விழிக்கும் ஏழைப் பெண்கள். இவர்களுள் பெரும்பாலோர் பள்ளியைப் பாதியில் விட்டவர். நான்காவது இயல்பு, அருவருப்பின்மை, இவர்களிடத்தே முதிர்ந்து கிடக்கின்றது. ஆயினும் அதனை இயல்பென்று எவரும் மதித்ததில்லை. கழிவைத் தொட்ட கையைத் தீட்டென்று ஒதுக்கிய நாடன்றோ இது! அதனைப் பாடத்திட்டத்தில் ஏற்றி, கற்றுத்தேறவேண்டிய திறன் என அறிவித்ததே பயிற்சியின் பெரும்பயன் என்பேன். ஆனால் பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கே சான்றிதழ் என்று வாயிலில் தடை வைத்துவிட்டால், சான்று பெற்றவர் கட்டளையிட, சான்றில்லாத பழைய ஆயாவே பெட்பானைச் சுமப்பாள். சாதி வாசல் மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஆகையால் ஏற்கெனவே கைவந்த திறனைச் சோதித்து அதற்கே சான்றளிக்கும் முறையை, மேற்சொன்ன திறன் திட்டத்திலும் இடம்பெற்ற அம்முறையை, இத்துறையில் பக்கவாயிலாக வைக்காது தலைவாயிலாக வைக்கவேண்டும். எழுதத் தெரியாதவரை வாய்மொழியாலும் கைத்தொழிலாலும் சோதிக்கத் தடை யாது?

கூலியைப் பற்றியும் ஒரு சொல். ஆதாயம் கருதாது செய்க என்ற மூன்றாம் இயல்பைக் காட்டி, குறைந்த கூலியை நியாயப்படுத்துவோர் உளர். இது தொண்டம்மா, தொண்டுக்கு விலை பேசலாமா என்பர். பேசுபவர் பெரும்பாலும் கூலி கொடுக்கவேண்டியவரே. அதே மகாவக்கத்தில், இறந்த பிக்குவின் சீவரமும் பாத்திரமும் அவருக்குப் பணிவிடை செய்தார்க்கு உரியவை என்று விதிக்கப்பட்டுள்ளது. பணிவிடை செய்தவன் முழுப் பிக்கு ஆகாத சாமணேரனாயினும் அவனுக்கும் சமபங்கு என்றே விதி. பகவன் நேயத்தை வேண்டினார். அதற்காக உழைத்தவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஆதாயம் கருதாமை பணிவிடை செய்பவரின் உள்ளத்துக்குச் சொன்னது. அதனைக் கொடுப்பவர் தம் பணப்பைக்குப் பூட்டாக்கிக்கொள்வது நேர்மையன்று.

மீண்டும் அம்மூன்று இயல்புகளுக்கே வருவோம். நேயத்தையும் அருவருப்பின்மையையும் ஆறுதல் மொழியையும் அறியக்கூடியவர் ஒருவர் உளர். அவர் கட்டிலில் இருக்கின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைக்கும் கையையும், பேசிக்கொண்டே துடைக்கும் கையையும் பிரித்தறியத் தேர்வாளர் வேண்டியதில்லை. ஆனால் நான் அறிந்தவரையில், சான்றிதழ் வழங்கும்போது அவரை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. பாடம் நடத்தியவர் கையொப்பமிடுகிறார், நிறுவனம் முத்திரையிடுகிறது. பராமரிக்கப்படுபவர் பயனற்றவர், ஆகையால் அவர் சொல்லும் பயனற்றது என்று கொள்ளப்படுகின்றது போலும். அந்தப் பிக்கு தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொண்டதும் இச்சொல்லே.

எல்லோராலும் சொல்ல இயலாதே என்று கேட்பீர்கள். உண்மை. மறதிநோய் முற்றிய மூதாட்டி தன் மகளையே அறியாள். மூளை முடக்குவாதமுடைய சிறுவனுக்குச் சொல் வாராதிருக்கலாம். அவர்கட்குத் தேர்வாளரே கண்ணாக வேண்டும். பயிற்சிக்கூடத்துப் பொம்மையை விட்டு, பயிலுநர் ஒரு திங்களாகப் பணிபுரியும் வீட்டிற்கு அவர் செல்லட்டும். வீட்டாரின் இசைவோடு போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் பார்க்கட்டும். நகம் வெட்டப்பட்டுள்ளதா, உள்ளங்கை மடிப்பில் அழுக்குண்டா, வாய் உலர்ந்திருக்கிறதா, சென்ற திங்களைவிட எடை குறைந்துள்ளதா எனக் காணட்டும். பயிலுநர் அறைக்குள் நுழையும்போது அம்மூதாட்டி உடலைச் சுருக்கிக்கொள்கிறாளா, கையை நீட்டுகிறாளா என்பதையும் சற்று நின்று கவனிக்கட்டும். அதன் பின்னர் முத்திரையை எடுக்கட்டும்.