தலைமைக்கு ஒரு பட்டம்

கற்பதற்கு வயது இல்லை என்று மேடையில் ஒருவர் பேசினால் நாம் கை தட்டுகிறோம். ஆனால் 46 வயதில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போவதைக் கண்டால், "இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த வேலை?" என்று முணுமுணுக்கிறோம். நானும் அப்படி முணுமுணுத்தவன்தான்.

என் நண்பர் ஒரு தொழிற்சாலையில் மேலாளராக இருக்கிறார். அவருக்குக் கீழே 60 பேர் வேலை செய்கிறார்கள். கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அதற்கு மேல் படிக்க எனக்கு வசதி இல்லை. உண்மையைச் சொன்னால், பொறுமையும் இல்லை. நான் கதை எழுதப் போய்விட்டேன். அவர் பட்டம் வாங்கினார், மேல்பட்டம் வாங்கினார், உத்தியோகத்தில் படிப்படியாக உயர்ந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

"எதில்?" என்று கேட்டேன்.

"தலைமைப் பண்பில்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருபது வருஷமாக ஊரையே அதட்டி வேலை வாங்குகிறாய். அதற்கு மேல் அதில் படிக்க என்னப்பா இருக்கிறது?"

"அதட்டித்தான் வேலை வாங்குகிறேன் என்று நீயே சொல்கிறாயே, அதனால்தான் படிக்க வேண்டியிருக்கிறது" என்றார் அவர்.

அவர் போன பிறகு என் சிரிப்பை நானே சோதித்துப் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் பொறாமை இருந்தது. பட்டம் பெறாதவன் பட்டத்தை இகழ்வதில் ஒரு சுகம் உண்டு. 'முனைவர்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அந்த ஆசை அவரிடம் கொஞ்சம் இருந்திருக்கலாம். அதனால் என்ன? பெயர் வேண்டும் என்ற ஆசையே இல்லாமல் எந்த எழுத்தாளனாவது முதல் கதையை எழுதியிருக்கிறானா?

வேலையை விடாமலே ஆராய்ச்சி செய்ய நம் நாட்டில் வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட விதிகள் பகுதிநேர முனைவர் படிப்பை அனுமதிக்கின்றன. அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ மட்டும் அந்தப் பட்டத்தை வாங்கிவிட முடியாது. குறைந்தது 3 ஆண்டுகள் ஆக வேண்டும். பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து தடையில்லாச் சான்று ஒன்றும் வேண்டும்: இவருக்கு ஆராய்ச்சி செய்யப் போதிய நேரம் கிடைக்கும், வகுப்புக்குப் போக வேண்டியிருந்தால் அனுப்பிவைப்போம் என்று நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

விதி நியாயமானதுதான். ஆனால் மனைவியிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சனி, ஞாயிறுகளை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டு நண்பர் படித்தார்? அலுவலகத்திடமிருந்து அல்ல. அவருடைய மகள் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. மாமியாருக்கு மாதம் ஒருமுறை கண் மருத்துவமனை. இரண்டையும் அந்த அம்மாள் ஒருத்தியே பார்த்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் மக்களை எப்படி வழிநடத்தினார்கள் என்று உள்ளறையில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, கூடத்தில் ஒரு பெண் ஒரு குடும்பத்தையே வழிநடத்திக்கொண்டிருந்தார். அதற்கு அவருக்கு யாரும் பட்டம் கொடுக்கப் போவதில்லை.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொள்ள ஒன்றரை வருஷம் ஆயிற்று" என்றார்.

நான் இந்தக் கதைக்குள் நுழைந்தது என் தமிழால். ஆராய்ச்சிக்காக அவர் ஒரு வினாத்தாள் தயாரித்திருந்தார். ஆங்கிலத்தில் இருந்த அதைத் தொழிலாளர்களுக்காகத் தமிழாக்கியிருந்தார்கள். அந்தத் தமிழைத் தொழிலாளி மட்டுமல்ல, தொல்காப்பியரே வந்தாலும் புரிந்துகொள்ள முடியாது. திருத்தித் தரும்படி கேட்டார். 40 வாக்கியங்கள். 'என் மேலதிகாரி என் கருத்தைக் கேட்கிறார்', 'தவறு செய்தால் அதை அவரிடம் தயங்காமல் சொல்கிறேன்' என்பன போல. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். முழுமையாக ஒப்புகிறேன் என்பதிலிருந்து முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை. கடைசியில் 'வேறு ஏதேனும் கூற விரும்பினால்' என்று நான்கு கோடு இடம். பெயர் எழுத வேண்டாம் என்று மேலே கொட்டை எழுத்தில் அச்சிடச் சொன்னேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

தம் தொழிற்சாலையிலேயே 60 பேருக்கும் தாள்களைக் கொடுத்தார். ஒரு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தன. 59 தாள்களில் அவரைப் போன்ற அதிகாரி ஈரேழு உலகத்திலும் இல்லை என்பது போல் கட்டங்கள் நிரம்பியிருந்தன. ஒரு தாளில் மட்டும் ஒரு கட்டத்தில்கூடக் குறி இல்லை. கடைசியில் இருந்த கோட்டில் ஒரே ஒரு வரி: 'ஐயா, இந்தத் தாளை வாங்கிக்கொள்ளப் போகிறவர் யார்?'

பெயர் இல்லை. ஆனால் அதைப் பார்த்ததும் எழுதியவர் யார் என்று நண்பருக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டோரில் சரக்குப் பேரேட்டில் பல வருஷங்களாகத் தினமும் பார்க்கும் கையெழுத்து அது. ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்த பெரியவர். அவர் பயந்தது எவ்வளவு சரி என்பதற்கு, நண்பர் அந்தக் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டதே சாட்சி!

தாள்களை எடுத்துக்கொண்டு நெறியாளரைப் பார்க்கப் போனார். அவர் நண்பரைவிட எட்டு வயது இளையவரான ஒரு பேராசிரியை. அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்தாராம். தம் அறைக்கு வெளியே அதேபோல் ஒரு பெஞ்சு இருப்பதும், அதில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தன. அந்தப் படிப்பில் அவர் கற்ற முதல் பாடம் புத்தகத்தில் இல்லை, அந்தப் பெஞ்சில்தான் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

பேராசிரியை தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுவும் உதவாது சார்" என்றார்.

"எல்லாரும் பொய் சொல்லிட்டாங்கன்னு நினைக்கிறீங்களா மேடம்?"

"அப்படிச் சொல்லலே. 'இல்லை'ன்னு சொல்ல முடியாத இடத்திலே நீங்க கேள்வி கேட்டுட்டீங்க. இதிலே பதில் சொன்னது ஒருத்தர்தான், அந்த ஸ்டோர்காரர்."

அவர் சொன்னது ஒரு பழைய அறத்தைத்தான். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு அடிப்படை விதிகளை வகுத்து 1979-இல் அமெரிக்காவில் வெளியான பெல்மான்ட் அறிக்கை, சம்மதம் என்பது வற்புறுத்தல் இல்லாமல் வர வேண்டும் என்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் கேட்கும்போது அந்தச் சம்மதம் கெட்டுவிடக்கூடும் என்பதையும் அது எடுத்துக் காட்டுகிறது. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற ஊரில் ஏழைக் கறுப்பின மக்களை 1932 முதல் 1972 வரை ஏமாற்றி, நோய்க்குச் சிகிச்சை தராமல் ஆராய்ந்த கொடுமை வெளிப்பட்ட பிறகு பிறந்த ஞானம் அது. அந்தக் கொடுமைக்கும் நம் நண்பரின் வினாத்தாளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: மறுக்க முடியாதவன் தலையாட்டினால் அது சம்மதமாகுமா?

இங்கேதான் தலைமையை ஆராய்வதில் உள்ள சங்கடம் இருக்கிறது. நட்சத்திரத்தை ஆராய்கிறவனைக் கண்டு நட்சத்திரம் பயப்படுவதில்லை. தலைமையைப் பற்றிய அறிவோ தலைவரிடம் இல்லை; அவருக்குக் கீழே இருப்பவர்களிடம் இருக்கிறது. அவர்கள் மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. பயப்படுகிறவர்கள் அதைக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே ஒருவர் எவ்வளவு அதிகாரமுள்ள தலைவரோ, அவ்வளவுக்கு அந்த அறிவு அவருக்கு எட்டாமல் போகிறது.

செஸ்டர் பர்னார்டு என்ற அமெரிக்கரைப் பற்றி நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஹார்வர்டில் படிக்கப் போய், பட்டம் வாங்காமலே 1909-இல் வெளியேறி, தொலைபேசிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். நியூ ஜெர்சி பெல் கம்பெனியின் தலைவராக உயர்ந்தார். நிர்வாகியின் பணிகளைப் பற்றி 1938-இல் அவர் எழுதிய புத்தகத்தை இன்றும் படிக்கிறார்கள். உத்தரவுக்கு அதிகாரம் இருக்கிறதா, இல்லையா என்பதை முடிவு செய்கிறவர் அதைப் போடுகிறவர் அல்ல, ஏற்றுக்கொள்கிறவரே என்பது அவர் கண்ட உண்மை. பட்டம் இல்லாத ஒருவர் இதைச் சொன்னார் என்று கேட்டதும் எனக்குக் குதூகலமாக இருந்தது. "பார்த்தாயா! படிக்காமலே தெரிந்துகொண்டிருக்கிறார்" என்றேன்.

"படிக்காமல் இல்லை. மேலதிகாரியாக இருந்துகொண்டே, கீழே இருப்பவன் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டார். எல்லோருக்கும் அது தானாக வருமா? எனக்கு வரவில்லை. அதனால் பணம் கட்டிப் படிக்கிறேன்" என்றார் நண்பர். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொரு ஆராய்ச்சியையும் அவர் சொன்னார். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933-இல் அந்நாட்டை விட்டு அமெரிக்காவுக்குப் போன கர்ட் லெவின் என்ற உளவியலறிஞரும், லிப்பிட், ஒயிட் என்ற அவருடைய சக ஆய்வாளர்களும் அயோவாவில் பத்து வயதுச் சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற கைவேலைகளில் ஈடுபடுத்தினார்கள். அதன் முடிவுகள் 1939-இல் வெளியாயின. எல்லாவற்றையும் தாமே கட்டளையிடும் தலைவரின் கீழ் இருந்த சிறுவர்கள், அவர் அறையில் இருக்கும் வரை மும்முரமாக வேலை செய்தார்கள். அவர் வெளியே போனதும் வேலை தளர்ந்தது. கலந்து பேசி முடிவு செய்யும் தலைவரின் கீழ் இருந்தவர்களோ, அவர் வெளியே போன பிறகும் வேலையைத் தொடர்ந்தார்கள். தலைமையின் தராதரம் தலைவர் அறையில் இல்லாதபோதுதான் தெரிகிறது!

நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. திருக்குறளின் பொருட்பால் அரசனைப் பற்றிய 'இறைமாட்சி' அதிகாரத்தோடு தொடங்குகிறது. அடுத்து என்ன வருகிறது? படையா, கோட்டையா? இல்லை, 'கல்வி', 'கல்லாமை', 'கேள்வி' என்ற அதிகாரங்கள் வருகின்றன. அரசனுக்குப் பக்கத்தில் படிப்பையும், படிப்புக்குப் பக்கத்தில் பிறர் சொல்லக் கேட்பதையும் வைத்த அந்த வரிசையை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்த 60 தாள்களையும் நண்பர் ஆராய்ச்சியிலிருந்து ஒதுக்கிவிட்டார். தமக்குச் சம்பந்தமில்லாத வேறு நிறுவனங்களில், வேறு ஆட்களைக் கொண்டு புதிதாகக் கேட்டு வாங்கினார். ஒரு வருஷம் வீணாயிற்று என்று உலகம் சொல்லும். அந்த வருஷத்தில்தான் அவர் படித்தார் என்று நான் சொல்வேன்.

அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு, "பயப்படாமல் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட அவருக்கு முதலில் ஆசை இருந்ததாம். பயப்படாதே என்பதும் ஓர் உத்தரவுதானே என்று தோன்றவே விட்டுவிட்டார். பிறகு ஒரு சின்னக் காரியம் செய்தார். பண்டிகை நாள் டியூட்டிப் பட்டியலை இனி நீங்களே உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று தொழிலாளர்களிடம் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போனார். முதல் கூட்டத்தில் ஒரே கூச்சல். இரண்டாவது கூட்டத்தில் சண்டை. மூன்றாவது கூட்டத்துக்கு அவர்களே அவரைக் கூப்பிட்டார்கள். அங்கே ஸ்டோர்காரப் பெரியவர் எழுந்து நின்று, "ஐயா போட்ட பட்டியல்லே மூணு வருஷமா மாட்டுப் பொங்கலன்னிக்கு எனக்குத்தான் டியூட்டி. ஊர்லே மாட்டைக் குளிப்பாட்ட ஆள் இல்லே" என்றாராம்.

"மூன்று வருஷமாக! எனக்குத் தெரியவே தெரியாது" என்று என்னிடம் சொன்னபோது நண்பரின் குரல் தழுதழுத்தது. அந்த 59 தாள்களிலும் இல்லாத ஒரு செய்தி அது.

அவருடைய ஆய்வேடு இன்னும் முடியவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் ஓராண்டாவது ஆகும். பட்டம் கிடைக்குமா, கிடைத்தால் சம்பளம் உயருமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மேலே இருப்பவன் சில காலம் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிற படிப்பு வீண்போகாது என்று இப்போது நம்புகிறேன். மேலே ஏறுவதற்கான இன்னொரு படியாக மட்டும் அதை எண்ணுகிறவருக்கு, அச்சடித்த காகிதம் ஒன்று கிடைக்கும். அவ்வளவுதான். மனைவியின் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்காக எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை.

கடைசியாக என் கதை. நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் என் மனைவி. படித்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்பாள். பதினெட்டு ஆண்டுகளாக அதே பதில். அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளப் போகிறவர் யார் என்று நான் யோசித்ததே இல்லை. சென்ற மாதம் அவளிடம் வேறு விதமாகக் கேட்டேன்: "போன நாவலில் எந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டிருக்கலாம்?"

அவள் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பேசி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.