சட்டம் பார்க்காத பாய்லர்

கண்டமங்கலத்தில் நான் செய்யும் பொம்மை நீராவி எஞ்சினுக்கு அரைப்படி பாய்லர் போதும். இருபத்தைந்து லிட்டருக்கு உட்பட்டதைப் பாய்லர் சட்டம் சோதிப்பதில்லை. அப்படியானால் நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? ஆண்டவனுக்கு என்பார் அண்ணன். அருகில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைக்கு என்பேன் நான்.

பாய்லர் மூட்டுகளை வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்றாசால் ஒட்டினால், அது 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். தண்ணீர் வற்றினால் மூட்டு விட்டுப்போகும். அதற்கு முன்பே சூட்டிலும் அழுத்தத்திலும் மெல்ல மெல்ல இழுபடும்; அதுதான் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. ஆகவே 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசுதான் வைக்கிறேன். பிறகு பாய்லர் நிறையத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப்போல் இரு மடங்கு ஏற்றுவேன். தண்ணீர் அவ்வளவாக அமுங்காது. மூட்டு விட்டாலும் வெடிக்காமல் ஒழுகும்.

சோதிக்காமல் சாமிமேல் பாரம் போடுவது பக்தி ஆகாது. பிள்ளைகளுக்கு நீராவி காட்டுகிறவர்களே, முதலில் தண்ணீரில் சோதியுங்கள்.