நிமிர்த்திய கூந்தலும் நிமிராத தலையும்

தலைமுடியைப் பற்றி எழுதுவது ஒரு பங்குக் குருவின் வேலையா என்று கேட்போர் இருக்கலாம். திருவிவிலியத்திற்கு அந்தத் தயக்கம் இருந்ததில்லை. சிம்சோனின் வலிமையையும் அப்சலோமின் அழகையும் அது தலைமுடியை வைத்தே சொல்கிறது. இனிமைமிகு பாடலின் காதலி தன் அன்பரை வருணிக்கும்போது அவருடைய சுருள்முடியையும் அதன் காக்கைக் கருமையையும் மறவாமல் கூறுகிறாள். ஆகவே, சுருட்டை முடியை நிமிர்த்தப் போய், அதைக் கருக்கிக்கொண்டு, கண்ணாடி முன் நிற்கவும் கூசுகிற நம் பெண்பிள்ளைகளைப் பற்றிச் சிறிது சிந்திப்பது முறையே. கடலூரிலும் சிதம்பரத்திலும் அழகு நிலையங்கள் பெருகிவிட்டன. 'ரீபாண்டிங்', 'ஸ்மூத்தனிங்' என்னும் சொற்கள் நம் ஆயாமாருக்கும் பழகிப் போயின.

இத்தகைய பிள்ளைகளைக் கண்டால் பெரியவர்கள் உடனே சொல்லும் சொல் 'ஆடம்பரம்' என்பது. மறையுரை மேடையிலிருந்தும் அது சில வேளை ஒலிக்கிறது. நமக்கு அதில் உடன்பாடில்லை. பிறர் கண்ணில் படவேண்டும் என்று அலங்கரித்துக்கொள்பவர் ஒரு வகை. பிறர் வாயில் விழாமல் தப்பவேண்டும் என்று தன்னை மாற்றிக்கொள்பவர் வேறு வகை. சுருட்டை முடியை நிமிர்த்தச் செல்பவர்களுள் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர் என்பதே நம் அனுபவம். முன்னவருக்கு அடக்கத்தைப் போதிக்கலாம். பின்னவருக்கும் அதையே போதிப்பது, காய்ச்சலில் நடுங்குகிறவனுக்குக் குளிர்ந்த நீரை ஊற்றுவது போன்றது.

அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? மூன்று வயதில் அதே சுருளை அள்ளி முத்தமிட்டவர்கள் நாம்தாம். பன்னிரண்டு வயதில் அது 'பரட்டை' ஆகிறது, 'தேங்காய் நார்' ஆகிறது, 'குருவிக் கூடு' ஆகிறது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே சுருள். அண்ணனுக்கு அது களை, தங்கைக்கு அது குறை! பெண் பார்க்க வருகிறவர்கள் வாய்விட்டே சொல்லிவிட்டும் போகிறார்கள். கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மரியாவாக நடிக்க எந்தச் சிறுமியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதையும் வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். நாசரேத்தூர்ப் பெண்ணுக்கு நேரான முடிதான் இருந்தது என்று எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை.

இந்த இரசனை நம் மரபிலிருந்து வந்ததும் அன்று. பெண்ணின் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று ஒரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று அதற்கு உரை சொன்னவர்கள், அவ்வைந்தனுள் ஒன்றாகச் சுருளையும் எண்ணினார்கள். சங்கப் புலவர்கள் கூந்தலுக்குத் தேடிய உவமைகளில் ஒன்று 'அறல்'. நீர் ஓடி ஓடி வரி வரியாக நெளிந்த ஆற்றுக் கருமணல். கொள்ளிடத்தில் மணல் லாரிகள் விட்டுவைத்த இடங்களில் அதை இன்றும் காணலாம். அந்த நெளிவை அழகென்று கண்ட கண்கள் நம்முடையவையே. இடையில் நாம் கடன் வாங்கிய கண்ணாடி ஒன்று உண்டு; அதை விளம்பரங்களும் திரைப்படங்களும் நம் மூக்கில் மாட்டிவிட்டன.

தலைமுடி, ஒருவர் யாருக்கு உரியவர் என்பதை ஊருக்கு அறிவிப்பது. நம் பகுதியே இதற்குச் சான்று. ஏழாம் நூற்றாண்டில் திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளி இருந்தது; திருநாவுக்கரசர் சைவத்திற்குத் திரும்புமுன் தருமசேனர் என்னும் பெயரோடு அங்கிருந்தார் என்று பெரியபுராணம் கூறும். சமணத் துறவியர் தம் தலைமயிரைக் கையாலேயே பறித்துக் களைபவர்கள். தெற்கே சிதம்பரத்தின் ஆடவல்லானைச் சோழர்காலச் சிற்பிகள் செம்பில் வார்த்தபோதோ சடைகளை இருபுறமும் பறக்கவிட்டார்கள். தீட்சிதர்கள் இன்றும் முன்குடுமி முடிகிறார்கள். இலத்தீன் திருச்சபையிலும் குருநிலைக்குள் நுழைவோரின் மயிரைக் கத்தரிக்கும் சடங்கு, 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதை நீக்கும்வரை இருந்தது. வேளாங்கண்ணியில் மொட்டையடித்துக்கொள்ளும் தாயும், முக்காட்டுக்குள் கூந்தலை மறைக்கும் கன்னியரும் அதே மொழியில்தான் பேசுகிறார்கள். பறித்தாலும் பறக்கவிட்டாலும், இவர்கள் எவரும் கேலிக்கு அஞ்சி அதைச் செய்யவில்லை. நம் பிள்ளைகளோ தம்மைப் பழித்தவர்களுக்கே தம் தலையை எழுதிக் கொடுக்கிறார்கள். நம் வருத்தம் அதுதான்.

இனி, உடலின் பக்கத்தைப் பார்ப்போம். மயிர் சுருள்வது நோயன்று. தோலுக்குள் மயிர் முளைக்கும் குழி வளைந்திருந்தால் மயிரும் வளைந்து வருகிறது. மயிரிழை கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது; கந்தக அணுக்களின் பிணைப்புகள் அதன் வடிவத்தைக் காக்கின்றன. நிமிர்த்தும் மருந்து அப்பிணைப்புகளை அறுக்கிறது. சூட்டுக் கருவி இழையை நேராக்குகிறது. மற்றொரு மருந்து புதிய வடிவத்தில் அவற்றைத் திரும்பப் பூட்டுகிறது. அறுந்தவை எல்லாம் மீண்டும் சேர்வதில்லை. நாட்டு ஓடுகளைப் போல அடுக்கடுக்காக இழையைப் போர்த்தியிருக்கும் மேற்செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. இழை ஈரத்தை இழந்து நடுவில் முறிகிறது. சில வகை 'கெரட்டின்' சிகிச்சைகளில் சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு வெளிப்படுகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. வாடிக்கையாளர் அதை ஒரு நாள் சுவாசிக்கிறார். அங்கே கூலிக்கு நிற்கும் பெண் நாள்தோறும் சுவாசிக்கிறாள். அவளைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

கெட்டுப்போன இழையை மீட்க மருந்து கிடையாது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட மயிர் உயிரற்றது. வேரோ உயிருள்ளது, மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் புதிதாகத் தருகிறது. ஆகவே செய்யக்கூடியது, வருவதைப் பேணி, கெட்டதைச் சிறிது சிறிதாகக் கத்தரித்துவிடுவதே. தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை சுருளின் வளைவுகளில் இறங்கி நுனிவரை செல்வதில்லை. அதனால் சுருள்முடி எப்போதும் வறண்டிருக்கும். நாள்தோறும் ஷாம்பு போடுவது அதற்குத் தீங்கு. குளிக்குமுன் தேங்காய் எண்ணெய் தடவுவது நல்லது. அது இழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆயாவின் கைப்பக்குவத்திற்குக் கிடைத்த சான்றிதழ் என்று கொள்ளலாம். செம்பருத்தி இலையை அரைத்த வழுவழுப்பும், ஊறிய வெந்தயமும் சிக்கெடுக்க உதவும். உலர்ந்த சுருளைச் சீவக் கூடாது. ஈரமாக இருக்கையில், அகன்ற பற்களுள்ள சீப்பால், நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். சொரசொரப்பான துண்டால் தேய்க்காமல், பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுப்பது போதும். கடலோரக் கிணறுகளின் உவர்நீரில் குளிப்பவர்கள் கடைசிச் சொம்பையேனும் நல்ல நீராக ஊற்றிக்கொள்ளட்டும்.

அருள் இயல்பை அழிப்பதில்லை, அதை நிறைவாக்குகிறது என்று புனித அக்குவினா தோமா கற்பித்ததைக் குருமடத்தில் படித்தோம். பேணுதலுக்கும் மாற்றியமைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல நமக்குத் தெரியவில்லை. எண்ணெயும் சீப்பும் முடியை அதன் வழியிலேயே அழகாக்குகின்றன. சூட்டுக் கருவி அதை வேறொன்றாக இருக்கும்படி கட்டாயப்படுத்துகிறது. நரையை மறைக்கச் சாயம் பூசும் ஆண்கள் இதைப் படித்து முறுவலிக்கக்கூடும். அவர்கள் கணக்கை வேறொரு நாள் பார்ப்போம்.

கடினமான பகுதி நடுவிலுள்ள மாதங்கள். மேலே சுருள், கீழே குச்சிபோல் நேர்முடி. ஒரே தலையில் இரண்டு பேர். 'முதலில் தன்னம்பிக்கை வரட்டும், பிறகு வெளியே வருகிறேன்' என்று வீட்டுக்குள் அடைந்துகொள்பவர்களுக்கு அது வருவதில்லை. அந்த இரட்டைத் தலையோடே கல்லூரிக்குப் போய், பாடற்குழுவில் நின்று, யாரோ ஒருவர் சிரித்ததையும் தாங்கித் திரும்பிய பிறகே, சிறிது சிறிதாக வருகிறது. அந்தச் சிரிப்பைத் தடுக்கும் பொறுப்பு மற்றவர்களுக்கு உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், இயல்பான முடியமைப்பைக் காட்டி வேலையிலோ பள்ளியிலோ எவரையும் ஒதுக்கலாகாது என்று 2019இல் சட்டமே இயற்றியது. நம் வீடுகளுக்கு அவ்வளவு பெரிய சட்டம் தேவையில்லை. அத்தைமார் வாயைச் சற்றுக் கட்டினால் போதும்.

அண்மையில் ஒரு தாய் நம்மிடம் வந்தார். மகளின் கூந்தல் அழகு நிலையம் ஒன்றில் பாழானது. பாஸ்குவுக்குப் பின் திருமணம். "அதுக்குள்ள முடி வளந்துடுமா சாமி?" என்று கேட்டார். எட்டு மாதம் இருந்தது. எட்டு சென்டிமீட்டர் என்று கணக்குச் சொன்னோம். அருகில் நின்ற மகள் தன் காதோரத்தில் ஒரு சுருளை விரலால் இழுத்து நீட்டி, அளந்து பார்த்து, "காது வரைக்கும் வரும்மா, அது போதும்" என்றாள். தாய் ஒத்துக்கொள்ளவில்லை. சவுரி வைத்துப் பின்னிவிடலாம் என்று பேசிக்கொண்டே இருவரும் படியிறங்கினார்கள்.