தில்லைக்கு இடம் வேண்டும்

சிதம்பரத்தின் தலமரம் தில்லை. ஊருக்கும் கோயிலுக்கும் பெயர் தந்த மரம் அது. புலிக்கால் முனிவரும் பதஞ்சலியும் தவமிருந்த இடத்தைத் தலபுராணம் தில்லைவனம் என்கிறது. இன்று நகருக்குள் அந்த வனம் இல்லை. தில்லையைக் காடாகப் பார்க்க விரும்புகிறவர் கிழக்கே கடலை நோக்கிச் சுமார் 15 கிலோமீட்டர் போய்ப் பிச்சாவரத்து உப்பங்கழியில்தான் பார்க்க வேண்டும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் பாலைக் கொண்ட அந்த மரம் உவர்நீர் ஏறி இறங்கும் சேற்று நிலத்துக்கு உரியது. ஆகவே ஒரு காலத்தில் கழியும் சேறும் கோயில் நிற்கும் நிலம் வரை பரவியிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. பின்னர் நிலம் மேடானது, கழனியும் தெருவும் வந்தன. கோயில் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மரம் கடலோரத்தில் ஒதுங்கியது. இதிலிருந்து ஒரு சமயக் கேள்வி எழுகிறது. புனிதம் என்று நாம் போற்றுவது ஓர் இடத்தையா, அந்த இடத்தில் வாழ்ந்த உயிரையுமா? அந்த உயிர் பிழைப்பதற்காக நகர வேண்டிய காலம் வந்தால் அதை வணங்குகிறவரின் கடமை என்ன?

அந்தக் காலம் வந்துவிட்டது. 1901 முதல் 1971 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1.3 மி.மீ. உயர்ந்த உலகக் கடல்மட்டம், 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ. உயர்ந்திருக்கிறது. தில்லை வளரும் அலையாத்திக் காடு இதைச் சமாளிக்க இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, வேர்களுக்கிடையே வண்டலைப் பிடித்து, நின்ற இடத்திலேயே தரையை உயர்த்திக்கொள்வது. இதற்கு எல்லை இருக்கிறது. பனியுகம் முடிந்து கடல் எழுந்த காலத்துச் சேற்றுப் படிவுகளை ஆராய்ந்தவர்கள், ஏற்றம் ஆண்டுக்கு 6 அல்லது 7 மி.மீ.ஐத் தாண்டினால் காடு ஈடுகொடுக்க முடியாது என்று 2020-இல் கண்டறிந்தார்கள். வண்டலும் போதுமான அளவு வரவேண்டும். மேட்டூர் அணையிலும் கொள்ளிடத்தின் கீழணையிலும் தேங்கும் நீரோடு அதன் பெரும்பங்கு மேலேயே தங்கிவிடுகிறது. இரண்டாவது வழி, தலைமுறை தலைமுறையாக விதை விழுந்து முளைத்து நிலத்தின் பக்கம் நகர்வது. அதற்குப் பின்னால் காலி நிலம் வேண்டும். கரையும் சாலையும் இறால் குட்டையும் கட்டடமும் அங்கே நின்றால், முன்னால் கடலும் பின்னால் சுவருமாகக் காடு நசுங்கிப்போகும்.

சிதம்பரம் ஐம்பூதத் தலங்களில் ஆகாயத் தலம். கருவறைத் திரையை விலக்கினால் அதன் பின்னே திருமேனி எதுவும் இல்லை. பொன் வில்வ மாலை தொங்கும் வெளிதான் வழிபடப்படுகிறது. சைவ சித்தாந்தம் ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு தொழிலைச் சொல்கிறது. மண் தாங்கும், நீர் நெகிழ்த்தும், தீ சுடும், காற்று திரட்டும். ஆகாயத்தின் தொழில் இடம் கொடுப்பது. மற்ற நான்கும் இயங்குவதற்குத் தன்னுள் இடம் தருவதால்தான் அது பூதங்களுள் நுண்ணியதாக வைக்கப்பட்டது. இந்தத் தத்துவத்தைக் கருவறைக்குள் மட்டும் நிறுத்திவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மாறும் காலநிலையில் ஓர் உயிருக்கும் ஒரு சமூகத்துக்கும் நாம் செய்யக்கூடிய முதல் உதவி அவை நகர இடம் விடுவதே என்பது என் வாதம். வெளியை வணங்குகிறவருக்கு இந்த உதவி விருப்பத்தைப் பொறுத்த தருமமாக இருக்க முடியாது. வழிபாட்டின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

பிச்சாவரமே இதற்குச் சான்று தருகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி 1970-கள் வரை அந்தக் காடு பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டப்பட்டது. வெட்டிய இடம் தானாகத் தழைக்கும் என்று வெட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள்; தழைக்கவில்லை. நெடுங்காலம் பழி சுற்றியிருந்த மக்கள்மேல் விழுந்தது: மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள் என்றார்கள். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடு சேர்ந்து ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றிய மண் சுருங்கித் தொட்டிபோலத் தாழ்ந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, எந்தக் கன்றும் பிழைக்க முடியாத களராகிவிட்டது. நோய்க்குக் காரணம் நீரின் வழி அடைபட்டதே என்று தெரிந்தபின் செய்த மருத்துவம் எளிமையானது. இயற்கையான ஓடையோடு ஒரு பெரிய வாய்க்காலை இணைத்து, அதன் இருபுறமும் மீன்முள் போலச் சிறு வாய்க்கால்களை வெட்டினார்கள். கரைச் சரிவில் வெண்கண்டல் நட்டார்கள். நீர் வந்து போகத் தொடங்கியது, உப்பு குறைந்தது, காடு திரும்பியது. 2022-இல் சுமார் 1,478 ஹெக்டேர் பரப்புள்ள ராம்சர் ஈரநிலத் தலமாகப் பிச்சாவரம் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் இந்த மண்வெட்டி வேலையும் இருக்கிறது. நட்டது இங்கே துணைச்செயல்தான். வழி திறந்துவிட்டதே பெருஞ்செயல்.

மாறாக, இடத்தின் இயல்பைக் கேட்காமல் கன்றை மட்டும் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். அங்கே அலையாத்திக் கன்றுகள் நட்ட 23 திட்ட இடங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்றது. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் முயன்றதில் தேறியது 200 சொச்சம். நட்டவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உதவி என்ற பெயரில் நம் கை செய்வதை மட்டும் எண்ணி, அந்த உயிருக்கு நீரும் நிலமும் ஒத்துவருமா என்று பாராமல் விடுவது கருணையின் அரைகுறை வடிவம்.

இங்கே அறிவியலாளர் ஒருவர் குறுக்கிட்டு, கடலிலிருந்து ஊரைக் காக்கும் காட்டின் பெருமையை மிகையாகச் சொல்லாதீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்தக் கரையோரத்தின் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் இழப்பு குறைவு என்று எழுதினார்கள். அதே புள்ளிவிவரத்தை மறுபடி கணக்கிட்ட வேறு சிலர், கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் தரையின் உயரமுமே வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குகின்றன, காட்டின் பங்கு சிறியது என்று மறுத்தார்கள். மறுப்பில் வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அது என் வாதத்தைக் குலைக்கவில்லை. தூரம்தான் காத்தது என்றால், கடலுக்கும் ஊருக்கும் நடுவே கட்டடமில்லாமல் விடப்பட்ட வெளிதான் காத்தது என்று பொருள். அந்த வெளியில் காடு இருந்தால் இறாலும் நண்டும் மீனும் கூடுதல் பேறு. காடு இல்லாவிட்டாலும் வெளி வேண்டும்.

இதைவிடக் கடினமான மறுப்பு சமயத்துக்குள்ளிருந்தே வருகிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தும் கூத்தனாகிய சிவனின் தொழில். முன்பு கடல் விலகியபோது தில்லை தானே நகர்ந்தது. இப்போது கடல் வருவதும் அவன் ஆடலே, நடுவில் நாம் யார் என்பது அந்த மறுப்பு. முன்பு தில்லையின் வழியில் தார்ச்சாலை இல்லை என்பதுதான் என் விடை. அன்றைய மாற்றம் பல தலைமுறைகள் எடுத்துக்கொண்டது. திறந்த நிலமும் இருந்தது. இன்று வேகத்தையும் கூட்டியவர்கள் மனிதர்கள், வழியை அடைத்தவர்களும் மனிதர்கள். நாம் வைத்த தடையை நாம் எடுப்பது இறைவனின் தொழிலில் தலையிடுவதாகாது. வினைக் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது. சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது நுகர்ந்தே தீரவேண்டிய பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டும் ஆகாமியம் என்று வினை மூன்று. காற்றில் ஏற்கெனவே ஏறிவிட்ட கரியால் கடல் இன்னும் பல நூற்றாண்டுகள் உயரும். அது நுகர்ந்தே தீரவேண்டிய பங்கு. அதற்கு ஏற்ப வாழ்வை அமைத்துக்கொள்வதும், புதிய கரியைச் சேர்க்காமலிருப்பதும் ஒரே ஒழுக்கத்தின் இரு பகுதிகள். முதலாவதைச் செய்கிறோம் என்று சொல்லி இரண்டாவதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் இந்தக் கொள்கை ஓரிடத்தில் முறிகிறது, அதை மறைக்கக் கூடாது. தன் வினையைத் தானே நுகர்வது என்பதே சித்தாந்தத்தின் அடிப்படை. கழியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பிச்சாவரத்து இருளர், காற்றில் ஏற்றிய கரி எவ்வளவு? வேறெவரோ செய்ததை அவர் நுகர்கிறார். அவரிடம் போய் இது உன் விதி என்று சொல்கிறவர் வினைக் கொள்கையைப் பொய்யாகப் பயன்படுத்துகிறார்.

ஏழைகளுக்கே நிலமில்லாதபோது மரத்துக்கு ஏன் நிலம் என்று கேட்பவர்களும் உண்டு. காட்டைக் காக்கிறோம் என்று குடிசைகளை அகற்றிய கதைகள் நாட்டில் நிறைய இருப்பதால் இந்த அச்சத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் இடத்தைப் பிடித்திருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். 1990-களில் தமிழகக் கடலோரத்து விளைநிலத்தை விழுங்கியவை இறால் பண்ணைகள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ளிருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் மறுபடி வழி திறந்துவிட்டது. இருளருக்கும் தில்லைக்கும் போட்டியில்லை. ஓடையில் நீர் ஓடினால்தான் இருவருக்கும் பிழைப்பு. பிச்சாவரத்தில் வாய்க்கால் வேலையில் ஊர்மக்களும் இறங்கினார்கள். இடம் விடும் எந்தத் திட்டமும் அவர்களுடைய குடியிருப்பையும் மீன்பிடி உரிமையையும் எழுத்தில் உறுதிசெய்துவிட்டே தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் அது தொடங்கவே கூடாது.

சிதம்பரத்துக்கு வந்து வெளியைக் கண்டு கைகூப்பும் அடியார்களிடம் கேட்பது சிலவே. பிச்சாவரத்துக்கு மேற்கே இன்னும் மிச்சமிருக்கும் உவர்த் தரிசில் புதிய கட்டடமும் குட்டையும் எழாமல் பார்த்துக்கொள்ளக் குரல் கொடுங்கள். காட்டில் வெட்டிய மீன்முள் வாய்க்கால்கள் தூர்ந்துபோகாமல் தூர்வாரப்பட வேண்டும். அதற்கு அரசு பணம் ஒதுக்குகிறதா என்று கேளுங்கள். கோடையிலும் கொள்ளிடத்தின் கடைமடைக்குக் கொஞ்சம் நன்னீரும் வண்டலும் வரட்டும். திருப்பணி என்று நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு மதிலுக்கு வெளியே நிற்கும் தலமரத்துக்கும் போகட்டும்.